குற்றவாளி டிரைவர் மட்டும்தானா?

ஷிப்டு மாறும் வேளையில் ஒரகடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. கம்பெனி பஸ்கள், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள், ஷேர் ஆட்டோக்கள். இவற்றுக்கிடையே, இரவு வேலை முடித்துக் கண் சொக்க மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வாலிபர்கள். சாலையைக் கடக்க வழி தேடி ஓரத்தில் நிற்கிறார்கள் பெண் தொழிலாளர்கள்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்கு 49 உயிர்கள்! விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடமும் நம் மாநிலத்துக்குத்தான்.

வண்டி ஓட்டும் தோழர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் தாண்டிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அவ்வளவு தூரமும் போய்விடும். ஆகவே முன்வண்டிக்குப் போதிய இடைவெளி விடுங்கள். சுற்றிப்போகச் சோம்பி எதிர்ச்சாரியில் வராதீர்கள். திரும்பும் டிரெய்லரின் பக்கத்தில் நுழையாதீர்கள். அங்கே நீங்கள் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் வைப்பதற்கல்ல. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. சாலையில் மடிகிறவன் நம் சகோதரன்.

ஆனால் உபதேசத்தோடும் அபராதத்தோடும் கடமை தீர்ந்தது என்று கருதும் அதிகாரிகளை ஒன்று கேட்கிறோம்: டிரைவரை விரட்டுவது யார்? உதிரிபாகங்களைக் கிடங்கில் குவிக்காமல், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வரவழைப்பது இன்றைய கார் உற்பத்தி முறை. கிடங்குச் செலவு முதலாளிக்கு மிச்சம். தாமதத்தின் பழி லாரி டிரைவரின் தலையில்!

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என்று மோட்டார் தொழிலாளர்களுக்காக 1961-லேயே சட்டம் வகுக்கப்பட்டது. அந்த நியாயம் சாலைக்கு வந்து சேர்ந்ததா? மாறாக, 2023-ல் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு மசோதா வந்தது. தொழிலாளர் எதிர்ப்பால் வாபஸானது. மோதிவிட்டுத் தகவல் தராமல் போகும் டிரைவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரித் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். தண்டனையைக் கூட்டத் தெரிந்த சர்க்காருக்கு ஓய்வைக் கூட்டத் தெரியவில்லை!

நாம் கோருவது சலுகையல்ல. சாலையோரத்தில் லாரிகள் நிற்காதபடி, குளிக்கவும் தூங்கவும் வசதியுள்ள நிறுத்துமிடங்கள் வேண்டும். ஆலை வாயில்களுக்கு அருகே நடைமேம்பாலமும் விளக்கும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி உள்பட அனைவருக்கும் கம்பெனி பஸ் வேண்டும். டிரைவரின் வேலை நேரத்துக்குச் சரக்கை அனுப்பும் கம்பெனியையும் பொறுப்பாக்க வேண்டும். சங்கங்கள் இவற்றைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்பட்டும். வேலைக்குப் போனவன் வீடு திரும்புவதும் தொழிலாளியின் உரிமையே!