முதலில் இடத்தை மாற்றுவோம்

வீட்டின் ஓர் அறையில் வைஃபை நலிந்தால் உடனே புதிய கருவி வாங்க விரைகிறோம். செலவுக்கு முன் ரவுட்டரின் இடத்தை மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. வாசல் மூலையிலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒடுங்கியிருக்கும் ரவுட்டரை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தாலே பெரும்பாலும் குறை தீரும். கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நன்கு எட்டும்.

அதன்பின்னும் ஓர் அறை மட்டும் எட்டாதெனில் எக்ஸ்டெண்டர் போதும். அதைச் சிக்னல் இல்லாத அறையில் அன்று, நல்ல சிக்னல் கிடைக்கும் இடைவழியில் பொருத்துங்கள். ஒரே அலைவரிசையில் பெற்று அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பல மாடிகள் கொண்ட வீட்டுக்கே மெஷ் அமைப்பின் செலவு தகும்.

அதுவரை, அயலாரின் கடவுச்சொல்லற்ற வைஃபையில் பணப் பரிமாற்றம் வேண்டாம். மொபைல் டேட்டாவே பாதுகாப்பு.