காவிரிக் கடைமடைக் கடற்கரையின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சுற்றுலா, தொல்லியல், வனம், மீன்வளம், போக்குவரத்துத் துறைகள்; தெற்கு ரயில்வே; இப்பகுதியின் மக்கள் பிரதிநிதிகள்.

பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை என்று நீளும் இந்தக் கரையில் வாழும் நாங்கள் கடலுக்குப் போகிறோம், உப்பு வாருகிறோம், ஆட்டோ ஓட்டுகிறோம், கரையோரம் கடை போட்டிருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறோம். எங்கள் ஊர்களைப் பார்க்க வருகிறவர்களை மனமார வரவேற்கிறோம். வருகிறவர்களுக்கும் இங்கேயே வாழ்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

எங்கள் நிலை

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கும், ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். வேண்டுதல் முடிந்ததும் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் தரங்கம்பாடியில், 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இருக்கிறது. இன்னொரு பக்கம் வெளிமான்கள் மேயும் கோடியக்கரைக் காடு இருக்கிறது. இவற்றைப் பற்றிச் சொல்ல ஆளில்லை, போய்வரச் சுலபமான வழியில்லை. அதனால் கூட்டம் இரண்டு ஊர்களில் நெரிகிறது, மற்ற ஊர்கள் காத்துக் கிடக்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அன்றைய நாகை மாவட்டம் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தோப்புகளையும் படகுகளையும் காட்டையும் சாய்த்தது. இத்தனை அடிக்குப் பிறகும் இங்கேயே இருக்கிறோம். சுற்றுலா எங்களுக்கு இரண்டாவது பிழைப்பாக வேண்டும். முதல் பிழைப்பைப் பறிப்பதாக ஆகிவிடக் கூடாது.

கோரிக்கைகள்

1. கரையோரப் பேருந்து. பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை, ஒரே பயணச்சீட்டில் எந்த ஊரிலும் இறங்கி ஏறும்படி, நாள்தோறும் அரசுப் பேருந்துகள் ஓட வேண்டும். நடுவில் காரைக்கால் வருவதால் புதுச்சேரி அரசுடன் பேசி உடன்பாடு காண வேண்டும்.

2. தரங்கம்பாடி ரயில். மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் 1980களில் நின்றுபோனது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளித் தடம் அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் உயிர்பெற்றது. அதே நியாயம் தரங்கம்பாடிக்கும் கிடைக்க வேண்டும்.

3. மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் தரங்கம்பாடிக் கரையில் எழுந்த இந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் கரையில் கொட்டிய பாறைகள்தான் காத்து நிற்கின்றன. கடலைப் பார்த்த கற்கள் உப்புக்காற்றில் பொரிந்து, விரல் வைத்தால் மணலாக உதிர்கின்றன. அலையரிப்பு வல்லுநர்களைக் கொண்டு இந்தக் கரை முழுவதையும் ஆய்வு செய்து நிலையான பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும். ஓரிடத்தில் கல் கொட்டினால் அடுத்த குப்பத்தில் கரை அரிக்கும். ஆகவே மீனவ ஊராரைக் கேட்காமல் ஒரு கல்லும் விழக் கூடாது.

4. வரலாற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லுங்கள். மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715க்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. நாகையில் சோழர் காலத்தில் சூடாமணி விகாரை என்னும் புத்த விகாரை எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930கள் வரை, நாகை மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 புத்தர் செப்புப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைப் பார்க்க நாகைப் பிள்ளைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. சில படிமங்களையாவது பாதுகாப்பான ஏற்பாட்டோடு நாகையில் காட்சிக்கு வைக்க வேண்டும். பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும், அருகே பல்லவனேச்சுரத்தில் உள்ள புத்த விகாரை எச்சங்களும் ஒரே நடைவழியாக இணைய வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, நியாயமான கட்டணத்தில் வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும்.

5. உப்புக்கு ஒரு கூடம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து வந்து ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுத்த மண் வேதாரண்யம். வெறும் நினைவுத்தூணைக் காட்டி அனுப்பினால் போதாது. கடல்நீரைப் பாத்தியில் கட்டுவது, வெயிலில் அது இறுகுவது, பலகையால் வாரிக் குவிப்பது எல்லாவற்றையும் தொழிலாளர்களே விளக்கும் கூடம் வேண்டும். நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கு அவர்களின் நலனுக்குப் போக வேண்டும். வெள்ளைத் தரையில் கண் கூச, பாதம் புண்ணாக உழைக்கிறவர்களுக்குக் காலணியும் கண்ணாடியும் நிழற்குடிலும் அதற்கு முன்பே வந்து சேர வேண்டும்.

6. காட்டுக்கும் அலையாத்திக்கும் வரம்பு. கோடியக்கரை 1967இல் காட்டுயிர்ச் சரணாலயமானது. 2002இல், பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டின் முதல் ஈரநிலமானது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும் சதுப்பில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் இடம் தரக் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வனத்துறை வரையறுத்து, மற்றவற்றை வாயிலில் நிறுத்தி, அவற்றில் வந்தவர்களை மின்வண்டியில் ஏற்ற வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போகும் படகுகளை அந்தக் காயலில் மீன்பிடிக்கும் குடும்பங்களே முறைவைத்து ஓட்ட வேண்டும். படகில் ஏறும் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம்.

7. கடலில் ஒரு உயிரும் போகக் கூடாது. வேளாங்கண்ணியிலும் பூம்புகாரிலும் குளிக்கும் இடத்தைக் கொடி கட்டிக் குறிக்க வேண்டும். கடலறிந்த மீனவ இளைஞர்களை மாதச் சம்பளத்தில் உயிர்காப்பாளர்களாக நியமிக்க வேண்டும். திருவிழா நாட்களில் மட்டும் காவலர்களை நிறுத்தினால் போதாது.

8. கழிப்பறை, குடிநீர், துப்புரவு. ஒவ்வொரு கரையிலும் பெண்களுக்கு உடைமாற்றும் அறை, இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறை, நல்ல தண்ணீர், முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலையருகே போகச் சாய்வுப் பாதை வேண்டும். கூட்டத்துக்குப் பின் கரையைக் கூட்டுகிறவர்களுக்கு நிரந்தர வேலையும் கையுறையும் முழுக் கூலியும் வேண்டும்.

9. கரை எல்லாருக்கும் பொது. படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம், கருவாடு உலர்த்தும் மணல் ஆகியவற்றை ஊர்வாரியாக அளந்து, கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும். எந்த விடுதிக்கும் அந்த நிலத்தில் வேலி போட அனுமதி தரக் கூடாது. சுற்றுலாத் திட்டம் எதுவானாலும் கிராமசபையில் வைத்துப் பேசி, ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

வருகிறவர்களிடம் கூடுதல் வாடகை கேட்க மாட்டோம். கட்டணத்தை ஆட்டோவிலும் கடையிலும் எழுதி வைப்போம். ஆமை முட்டையிடும் மாதங்களில் கரையில் விளக்கைத் தணிப்போம். எங்கள் கடைகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வைக்க மாட்டோம்.

நிறைவேற்றம்

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்ட ஆட்சியர்கள் மூவரும், மீனவர், உப்பளத் தொழிலாளர், வணிகர், பெண்கள் குழுப் பிரதிநிதிகளும் அமரும் கூட்டுக்குழுவை மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும். 7, 8ஆம் கோரிக்கைகளை அடுத்த வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்பும், மற்றவற்றுக்கான நிதியை வரும் வரவுசெலவுத் திட்டத்திலும் உறுதிசெய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எது முடிந்தது, எது நிற்கிறது என்ற அறிக்கையை ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்க வேண்டும். வாசிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இங்ஙனம்,
பூம்புகார் முதல் முத்துப்பேட்டை வரையிலான கரையோர மக்கள்