‘சார்ஜ்’ என்னும் ஒரு சொல்

பெண்ணாடம் ரயிலடியில் சிறிது நேரம் நின்றால், ‘சார்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல் எத்தனை வேஷம் தரிக்கின்றதென்று காணலாம். ஒருவர் பஸ் சார்ஜ் அதிகமென்கிறார். மற்றொருவர் செல்போனில் சார்ஜ் இல்லை என்கிறார். புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார்; போலீஸார் லத்தி சார்ஜ் செய்கின்றனர். கட்டணம், மின்னேற்றம், பொறுப்பு, தடியடி என நமக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. இவ்வளவில் நஷ்டம் தமிழுக்கு மட்டுமே.

கோர்ட்டு வாசலிலோ நஷ்டம் ஆளுக்கும் நேர்கிறது. போலீஸார் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை; அதைப் பரிசீலித்து நீதிபதி வனைவது குற்றச்சாட்டு. கடுங்குற்ற வழக்குகளில், இவ்விரண்டிற்கும் இடையே, ஆதாரமில்லையேல் தன்னை விடுவிக்குமாறு கேட்க எதிரிக்கு உரிமையுண்டு. இரண்டையும் ‘சார்ஜ்’ என்றே கேட்கும் ஏழைக் குடியானவன், காரியம் முடிந்ததென்று கலங்கி அவ்வுரிமையை நழுவவிட நேரும். குற்றச்சாட்டை எதிரிக்கு வாசித்து விளக்கவேண்டுமென 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதுச் சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. விளக்கம் அவன் அறிந்த பாஷையிலன்றோ இருத்தல் வேண்டும்?

கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் 1976லேயே வந்துவிட்டது. சட்டம் கொடுத்ததை வக்கீல்களாகிய நாம் வாயால் கெடுக்கலாகாது. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பெண்ணாடத்திற் பிறந்தவர். பதி, பசு, பாசமெனப் பிரித்துணர்த்திய பாஷைக்கு, குற்றப்பத்திரிகையையும் குற்றச்சாட்டையும் பிரித்துரைப்பதா அரிது? கட்சிக்காரரிடம் தமிழிலேயே சொல்லுங்கள். தன்மேல் சுமத்தப்பட்டது யாதென்று அறியாதவன் எங்ஙனம் எதிர்வாதம் செய்வான்?