528 பெரிதா? 412 பெரிதா?

மதுரை மேலக்கால் சாலையில் உள்ளது கோச்சடை. அங்கே பல வீட்டுப் பீரோக்களில் பழைய செல்போன் ஒன்றாவது தூங்கிக்கொண்டிருக்கும். வாங்கும்போது ஆயிரக்கணக்கில் பணம்! சார்ஜ் ஏற்றினால் இன்றும் உயிர் வருகிறது. ஆனால், 'வாட்ஸ்அப்' வருவதில்லை. ஏன்?

2008-ம் ஆண்டுக்குப் போனால் விடை கிடைக்கும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ந் தேதி 'ஐபோன் 3ஜி' இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை ரூ.31 ஆயிரம். அக்டோபரில், எச்.டி.சி. கம்பெனியின் 'டிரீம்' அமெரிக்காவில் வெளிவந்தது. ஆண்ட்ராய்டில் ஓடிய முதல் போன் இதுதான்.

எது கெட்டி?

ஐபோனின் வேகம் 412 மெகாஹெர்ட்ஸ். டிரீமின் வேகம் 528. அதாவது, அதன் மூளை ஒரு நொடிக்கு 52 கோடியே 80 லட்சம் தடவை துடிக்கும். காமிராவிலும் டிரீம்தான் மேல். ஐபோனுக்கு 2 மெகாபிக்சல். இதற்கு 3-க்குச் சற்று அதிகம்.

அப்படியானால் டிரீம்தானே கெட்டி? அவசரப்படக் கூடாது!

போனுக்குள் இரண்டு இடம் உண்டு. ஒன்று 'ராம்'. இது சமையலறை மேடை மாதிரி. அப்போதைய வேலை இதன்மேல்தான் நடக்கும். மற்றொன்று 'ஸ்டோரேஜ்'. இது பரண்; சாமான்களைச் சேர்த்து வைக்கும் இடம்.

டிரீமுக்கு மேடை பெரிது: 192 எம்.பி. ஐபோனுக்கு 128. பரணோ தலைகீழ்! டிரீமுக்கு உள்ளே 256 எம்.பி.தான். ஐபோனுக்கு 8 ஜி.பி.; ஏறக்குறைய 32 மடங்கு. டிரீமில் மெமரி கார்டு போடலாம். ஆனாலும் செயலிகளை அந்தக் கார்டில் வைக்க அப்போது வழியில்லை.

போனை ஓட்டும் அடிப்படைத் திட்டத்தைக் கம்பெனிகள் அவ்வப்போது திருத்தி அனுப்பும். அதுதான் 'அப்டேட்'. அது தங்கவும் இடம் வேண்டுமே! டிரீமுக்கு ஆண்ட்ராய்டு 1.6-உடன் அது நின்றுபோயிற்று. ஐபோன் 3ஜிக்கு 2010-ல் நாலாம் பதிப்பு வரை வந்தது. ஆனால், மேடை சிறியதல்லவா? நாலாம் பதிப்பு ஏறியதும் போன் திணறியது.

கட்டம் கட்டமாக...

நம் ஊருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் சேதி வந்தால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். 528 இருந்து என்ன பயன்?

2025 ஜனவரியில், ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட போன்களை வாட்ஸ்அப் கைவிட்டது. பீரோவில் கிடக்கும் போன் உடையவில்லை, தேயவும் இல்லை. அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது சில கம்பெனிகள் காலக்கெடு சொல்லியே விற்கின்றன. 2024-ல் வந்த சாம்சங் எஸ்24-க்கு 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். அது விலை உயர்ந்த ரகம். மலிவு ரகங்களில் பலவற்றுக்கு இவ்வளவு காலம் கிடைப்பதில்லை. காமிரா எண் கடை விளம்பரத்திலேயே பெரிதாக இருக்கும். அப்டேட் எத்தனை ஆண்டு என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.