தீர்ப்புவரை செல்லுமா?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலே, தர்மபுரத்துத் தேநீர்க் கடையொன்றில், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் அண்மையில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். வாதம் பரீட்சையைப் பற்றியதன்று. அன்றிரவு நிகழவிருந்த ஒரு கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியைப் பற்றியது. வெல்பவர் யார் என்பதும் அவர்தம் வினாவன்று. போட்டி இடையிலே முடியுமா, புள்ளி நடுவரின் தீர்ப்புவரை செல்லுமா என்பதே வினா. ஒருவன் 500 ரூபாத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ, சேர்" என்றான்.

மற்போரை நோக்கி முடிவை ஆராய்வது தமிழர்க்குப் புதிதன்று. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி அடர்த்த காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்று 80ஆம் பாட்டில் வைத்திருக்கிறார். மார்பில் ஒரு காலும் முதுகில் ஒரு காலுமாக மல்லன் முறிகிறான். அங்கே புள்ளிக்கு வேலையில்லை, வீழ்ந்தவனே தீர்ப்பு.

ஆனால் எல்லா மற்போரும் அவ்வாறு முடிவதில்லை. 1910இல் இலண்டனில் காமா பயில்வானும் போலந்து நாட்டு ஸ்பிஷ்கோவும் மோதினர். ஸ்பிஷ்கோ தரையோடு தரையாகக் கிடந்து தற்காத்தமையால், இரண்டரை மணி நேரம் கடந்தும் முடிவு பிறக்கவில்லை. அவ்விருவரே 1928இல் பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தனர். இருவரும் ஐம்பது வயதை அண்டியவர்கள். முந்திய போட்டியை மட்டும் நம்பிக் கணித்தவன், இதுவும் நெடிது நீளும் என்றே சொல்லியிருப்பான். காமாவோ ஒரு நிமிடத்துக்குள் வென்றுவிட்டார்! ஆட்கள் அவர்களே, முடிந்த விதம் வேறு.

ஆகவே, வீரரை மட்டும் நோக்கிக் கணிப்பது பிழை. விதியையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் யு.எவ்.சி. போட்டிகள் 1993இல் தொடங்கியபோது புள்ளியிடும் நடுவர் இல்லை. 1995 ஏப்ரலில் றோயிஸ் கிறேசியும் கென் சாம்றொக்கும் 36 நிமிடம் பொருதியும் வெற்றி தோல்வியின்றி ஓய்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் புள்ளி நடுவர் வந்தனர். இன்று வழக்கமான போட்டிக்கு ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டப் போட்டிக்கு ஐந்து. பதினைந்து நிமிடம் தாங்குபவன் இருபத்தைந்து நிமிடமும் தாங்குவான் என்பது நிச்சயமன்று. தீர்ப்புவரை செல்வது என்பது ஓரளவுக்கு மணிக்கூட்டின் செயலுமாகும்.

எடையும் பேசும். பாரமான பிரிவினரின் ஓர் அடியே போட்டியை முடித்துவிட வல்லது. இலேசான பிரிவினர் தீர்ப்புவரை செல்வது மிகுதி. ஆயினும் இது நூறு போட்டிகளுக்குப் பொருந்தும் உண்மை. இன்றிரவின் ஒரு போட்டிக்கு அது வாக்குறுதியன்று. மாரிக்கு மழை உண்டென்று சொல்லலாம். வரும் செவ்வாய்க்கிழமை பெய்யும் என்று யார் பிணை நிற்பார்? நம் இளைஞர் இடறும் இடம் இதுவே. பொதுப் போக்கை அறிந்தவுடன் தனி நிகழ்ச்சியையும் அறிந்துவிட்டதாக எண்ணிப் பணத்தை வைக்கின்றனர். பந்தயக்காரன் வாழ்வது இந்த மயக்கத்தினால் அன்றோ?

இன்னொன்றும் சொல்லவேண்டும். தீர்ப்புவரை சென்ற போட்டியைச் சப்பென்று இகழ்வது நம் வழக்கமாகிவிட்டது. தோற்கக்கூடாதென்று கிடந்து காலங்கழிப்பது வேறு. சம வலியினர் இருவர் இறுதி மணிவரை சளைக்காது பொருதுவது வேறு. முன்னதை இகழ்க, பின்னதை இகழ்பவன் ஆட்டத்தைக் கண்டவனல்லன், விழுவதை மட்டுமே கண்டவன்.

மாணவனிடம் நான் சொன்னது இவ்வளவே: "தாளைச் சட்டைப்பைக்குள் வை, தம்பி. உன் கணிப்பையும் அதற்குரிய காரணத்தையும் கொப்பியில் எழுது. விடிந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார். கணிப்புப் பலித்தும் காரணம் பிழைத்திருந்தால், நீ தோற்றாய் என்றே எழுதிக்கொள்."