அன்புக்கு ஒரு கணக்கு

"நான் அவனிடம் உயிரையே வைத்திருக்கிறேன், அவனுக்கு என்மேல் அதில் பாதிகூட இல்லை!" இந்த முறையீடு கேளாத வீடு உண்டா? மாமியார் - மருமகள், அண்ணன் - தம்பி, சிநேகிதர்கள் எல்லோருடைய வழக்கும் இதுதான். நல்ல வேளையாக, கணித சாஸ்திரம் இவ்வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

1950-களில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைப் பேராசிரியர் தியோடர் நியூகோம்ப், முன்பின் அறியாத 17 மாணவர்களை ஒரே வீட்டில் குடிவைத்தார். ஒருவர்மேல் மற்றவருக்கு எவ்வளவு பிரியம் என்று வாராவாரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். 17 பேர் என்றால் 136 ஜோடிகள், 272 அபிப்பிராயங்கள்! டேவிட் கென்னி, லாரன்ஸ் லாவோய் என்ற அறிஞர்கள் அந்தக் குறிப்புகளைப் பிற்பாடு புதிய முறையில் ஆராய்ந்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அம்முறையின் சூட்சுமம் இது: ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் மார்க்கில் மூன்று பங்குகள் உண்டு. கொடுப்பவரின் சுபாவம் ஒன்று. பெறுபவரின் கவர்ச்சி ஒன்று. மிஞ்சுவதே அவ்விருவருக்கும் உரிய தனி உறவு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் சராசரி மார்க்கு 50. ராமு தாராள மனத்தன்; யாருக்கும் 10 கூடுதலாகப் போடுவான். சோமு எல்லோருக்கும் இனியவன். யாரிடமும் 15 கூடுதலாகப் பெறுவான். ஆகவே ராமு சோமுவுக்கு 75 போடுவது சகஜம், போட்டதோ 90. மிச்சம் 15. சோமு கையிறுக்கக்காரன், யாருக்கும் 5 குறைத்தே போடுவான். ராமுவோ எவரிடமும் 10 குறைவாகப் பெறுகிறவன். எனவே சோமுவிடம் எதிர்பார்க்கக்கூடியது 35. அவன் போட்டது 50. இங்கும் மிச்சம் அதே 15!

வெளிப்பார்வைக்கு 90-க்கு 50 என்பது அநியாயம். சுபாவங்களைக் கழித்துப் பார்த்தாலோ தராசு சமமாக நிற்கிறது. அந்த மாணவர்களிடமும், சுபாவங்களைக் கழித்த பிறகு, பிரியத்துக்குப் பிரியம் பதிலாகக் கிடைத்ததையே அறிஞர்கள் கண்டார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. இருவரை மட்டும் வைத்துக்கொண்டு இக்கணக்கைப் போட முடியாது; அவர்கள் பிறருக்குக் கொடுப்பதும் பிறரிடம் பெறுவதும் தெரியவேண்டும். மிச்சத்திலும் அன்றைய தலைவலியும் தற்செயலும் கலந்திருக்கும். ஆகவே பல முறை கேட்கவேண்டும்.

ஆதலால், "எனக்கு இவ்வளவுதானா?" என்று கண் கலங்குமுன், "அவர் மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்?" என்று பாருங்கள். கையிறுக்கக்காரர் மனமுவந்து தந்த காலணாவுக்கு மதிப்பு அதிகம் அல்லவா?