கப்பல் படிப்பு: பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு!

நெருப்பெரிச்சல் கம்பெனிகளில் பெட்டி கட்டும் பனியன் தூத்துக்குடி போய்க் கப்பலேறுகிறது. பிள்ளையும் ஏற ஆசைப்பட்டால்?

பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதிகாரிக்கான லைசென்ஸ் தருவதோ மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி நாட்டிக்கல் சயின்ஸ் 3 ஆண்டு, பி.டெக் மரைன் இன்ஜினீயரிங் 4 ஆண்டு. முன்னது கப்பலைச் செலுத்த, பின்னது இயந்திர அறைக்கு. எதைப் படித்தாலும் கடலில் பயிற்சி முடித்துத் தேர்வெழுதினால்தான் லைசென்ஸ். மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கு ஜி.எம்.இ என்ற குறுகிய படிப்பும் உண்டு.

சிக்கலே அந்தப் பயிற்சி இடம்தான். கல்லூரி கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், "எந்தக் கப்பல் கம்பெனி எடுக்கும்? எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். அரசு அங்கீகாரத்தையும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் கண் டாக்டர். நிறக்குருடு இருந்தால் மருத்துவத் தகுதியே கிடைக்காது; அது ஃபீஸ் கட்டிய பிறகு தெரிந்தால்தான் கொடுமை.